கொக்கிளாய்க் களப்பில் நீர்ப்பறவைகளை எண்ணுவது எப்படி?

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி கடந்து புல்மோட்டைப் பக்கம் போனால் கொக்கிளாய்க் களப்பு வந்துவிடும். 1951 முதல் இது சரணாலயம். ஆகவே கரையில் இறங்குமுன் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. ஆனால் அப்போது வாடை மழையில் குளங்களும் தரவைகளும் (புல்வெளித் தாழ்நிலங்களும்) நிரம்பிக் கிடப்பதால் பறவைகள் எங்கும் சிதறிவிடும். பெப்ரவரி கடைசியில் நீர் வற்றிச் சேறு தெரியத் தொடங்கியதும் அவை களப்போரம் திரளும். இரண்டு தடவையும் எண்ணுங்கள். ஜனவரி எண்ணிக்கையைப் பெப்ரவரி எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, பறவை கூடிவிட்டது என்றோ குறைந்துவிட்டது என்றோ முடிவு கட்டாதீர்கள். ஜனவரியை ஜனவரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

காலை ஆறேகாலுக்குள் கிழக்குக் கரையில் நில்லுங்கள். வெயில் முதுகில் விழ வேண்டும். எதிரே விழுந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். 8x42 பைனாகுலர் போதும். தூரத்துச் சேற்றுக்கு மட்டும் முக்காலியில் பூட்டிய தொலைநோக்கி தேவை. ஒன்பது மணிக்குப் பின் கானல் எழும்பும், சிறிய உள்ளான்களைப் பிரித்தறிய முடியாது.

பெயர் தெரியாவிட்டால் முதலில் நீரின் ஆழத்தைப் பாருங்கள். ஈரச்சேற்றில் ஓடி ஓடிக் கொத்துபவை சிறு உள்ளான்கள். கணுக்கால் அளவு நீரில் நிற்கும் நீண்ட சிவப்புக் கால்காரன் நெடுங்கால் உள்ளான். ஊசிவால் வாத்து வாலை மேலே தூக்கித் தலைகுப்புறக் கவிழ்ந்து அடிமண்ணைத் துழாவும், ஆகவே அங்கே நீர் ஒரு முழத்துக்கு மேல் போகாது. பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கை முன்னும் பின்னும் அசைத்து நீரை உறிஞ்சி வெளியேற்றும். நுண்ணிரை அலகின் ஓரச் சீப்பில் தங்கிவிடும்.

இனி எண்ணும் முறை. ஆயிரம் வாத்து மிதக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணப் போனால் பாதியில் பருந்து வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிடும். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து பிடிக்கும் இடத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து நூறு பிடிக்கும் இடத்தைக் கணித்து, கூட்டம் முழுவதும் அளந்து செல்லுங்கள். பிழை பெரும்பாலும் ஓரத்தில்தான் வரும். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் ஐதாகவும் இருப்பதால், நடுவின் அளவை ஓரத்துக்கும் போட்டால் கணக்கு ஏறிவிடும். இரண்டுக்கும் தனித்தனி அளவு எடுங்கள். இருவர் எண்ணினால் குறிப்பெழுதும்வரை தொகையைச் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் மீண்டும் எண்ணுங்கள். பறந்துபோன கூட்டத்துக்குத் திசையையும் நேரத்தையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வளைவில் அதே பறவைகளை மறுபடி எண்ணிவிடுவீர்கள்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் போனால் காலடியைப் பார்த்து நடங்கள். நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் வெறுந்தரையில்தான் முட்டையிடும். வழக்கமாக நான்கு முட்டை, மண் நிறத்தில் புள்ளியிட்டவை. உச்சி வெயிலில் தாய்ப்பறவை வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். நீங்கள் பத்து நிமிடம் பக்கத்தில் நின்றால் அந்த வேலை நின்றுபோகும், முட்டை வெந்துவிடும். பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் வந்த தடத்திலேயே திரும்பிப் போங்கள்.

தங்கூசி (நைலான் இழை) வலையில் சிக்கிய பறவையை இழுக்காதீர்கள். தலையைத் துணியால் மூடி, இறக்கையை உடலோடு அணைத்துப் பிடித்து, இழையைச் சிறு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். கொக்கு, நாரை என்றால் அலகைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்ணைக் குறிவைத்துக் குத்தும். நீர்க்காகத்தின் அலகை மட்டும் இறுக்கி மூடவே கூடாது: அதற்கு வெளியே திறந்த மூக்குத்துளை கிடையாது, வாயால்தான் மூச்சு விடுகிறது.