ஒரே நிறத்திலிருந்து முழுத் தொகுப்பு

டிசைனுக்கு ஐந்து நிறங்களைத் தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம். பிடித்த ஒன்றை மட்டும் எடுத்து, கலர் பிக்கரை எச்எஸ்எல் முறைக்கு மாற்றுங்கள். அதில் நிறம், செறிவு, வெளிச்சம் மூன்றையும் தனித்தனியாக மாற்றலாம்; நிறங்கள் 360 டிகிரி வட்டத்தில் வரிசையாக நிற்கும். நீலம் என்றால் 210 டிகிரி என்று வையுங்கள். 30 கூட்டினால் 240, பக்கத்து நிறம். அதே 210-உடன் 180 கூட்டினால் வட்டத்தைச் சுற்றி 30-க்கு வரும், எதிரே நிற்கும் ஆரஞ்சு. அதைப் பட்டனுக்கு மட்டும் வையுங்கள். பரப்பினால் கண் கூசும்.

நான் வெகுநாள் கோட்டைவிட்டது சாம்பல் நிறத்தில்தான். வெறும் சாம்பலுக்குப் பதில், அதே 210-ல் செறிவை 5 முதல் 10 சதவீதம் வைத்துப் பாருங்கள், மற்றவற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எழுத்து பின்னணியில் கரைந்தால், நிறத்தை விட்டுவிட்டு வெளிச்ச அளவை மட்டும் மாற்றுங்கள். சிறிய எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும்.