அடாப்டர்களைப் பல ஆண்டுகள் பழுதின்றி வைத்திருப்பது எப்படி?

சேலத்து ஜவ்வரிசி ஆலைக்குக் கணக்கு மென்பொருள் செய்துகொடுப்பவர், கிழங்கு லாரியை நிறுக்கும் எடைமேடை, டாலி கணக்கு மென்பொருள், விலைப்பட்டியலை அரசிடம் பதியும் இ-இன்வாய்ஸ் தளம் ஆகிய மூன்றுடனும் அதை இணைக்கும் சிறு நிரல்களான அடாப்டர்களையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. எழுதுவதற்குச் சில வாரங்கள் போதும். ஆனால் எதிர்ப்பக்கம் மாறும்போதெல்லாம் நாமும் மாற்றியாக வேண்டும். ஆகவே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒவ்வோர் அடாப்டருக்கும் தனித்தொகை குறிப்பிடுங்கள். இதைக் கேட்கத் தயங்கியவர்கள் பின்னாளில் இரவுகளை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எடைமேடையில் வேலை குறைவு. எடையைக் காட்டும் இண்டிகேட்டரை மாற்றினால் தரவு வரும் வேகமும் (பாட்) எடை வரும் வடிவமும் மாறக்கூடும் என்பதால், அவற்றை நிரலுக்குள் எழுதாமல் அமைப்புக் கோப்பில் வையுங்கள். டாலியின் புதிய பதிப்பை ஆலையில் நிறுவும் முன், கம்பெனித் தரவின் நகலில் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

பெரும்பாரம் வரி சார்ந்த அடாப்டரில்தான் இருக்கிறது. 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கிய இ-இன்வாய்ஸ், விற்றுமுதல் வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமாயிற்று. 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருள்களின் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. பழைய விகிதத்தை அழித்துப் புதியதை எழுதினால், முன்பு விற்ற சரக்குக்கு இன்று போடும் கிரெடிட் நோட்டு (தொகையைக் குறைத்துத் தரும் ஆவணம்) தவறிவிடும். எனவே விகிதம், வரம்பு இரண்டையும் அவை நடைமுறைக்கு வந்த தேதியுடன் அட்டவணையில் வைத்து, விலைப்பட்டியலின் தேதியைக்கொண்டு தேடுங்கள்.

ஒருமுறை மழைநாளில், ஓமலூர்ப் பக்கத்து ஆலையில் சரக்கேற்றிய லாரி வாசலிலேயே நின்றுவிட்டது. இ-இன்வாய்ஸ் தளம் விலைப்பட்டியலைப் பதிந்துவிட்டது. பதில் வரும் முன் இணையம் அறுந்தது. எங்கள் அடாப்டர் மறுபடி அனுப்பியபோது 'ஏற்கெனவே பதிந்தது' என்று பொருள்படும் 2150 என்ற பிழை எண்ணுடன் மறுப்பு வந்தது. நாங்கள் அதைத் தோல்வி என்று காட்டினோம், அதுதான் எங்கள் தவறு. தளம் தரும் 64 எழுத்துள்ள பதிவு எண்ணான ஐ.ஆர்.என். என்பது விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், ஆவண எண், ஆவண வகை, நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து பிறப்பதால், அதே விலைப்பட்டியலுக்கு இரண்டாவது எண் கிடைக்காது. முன்பு கிடைத்த எண் அந்த மறுப்பிலேயே இருக்கிறது. அதை எடுத்துச் சேமித்து வெற்றி என்று பதியுங்கள்.

தளம் தன் தரவுப் புலங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களை அடாப்டருக்கு வெளியே விடாதீர்கள். அவற்றை உள்ளேயே வைத்தால், தளம் தன் வடிவத்தை மாற்றும்போது ஒரே கோப்பைத் திருத்தினால் போதும். அனுப்பியதையும் வந்ததையும் அப்படியே சேமித்து, பிழைப் பதில்களைச் சோதனைத் தரவாக்கி, ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் ஓட்டுங்கள்.

ஆண்டுக்கொருமுறை, மார்ச் கணக்கு முடிந்ததும், எந்த அடாப்டர் அவ்வாண்டு ஒருமுறைகூட ஓடவில்லை என்று பதிவேட்டில் பாருங்கள். ஆலை உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்று, அதை நிரலிலிருந்தும் ஒப்பந்தத்திலிருந்தும் நீக்கிவிடுங்கள்.