சேலத்து உப்புத் தண்ணீரில் மஞ்சள் சிக்லிட் வளர்ப்பது எப்படி?

வாளியில் வெள்ளைப் படிவு, சோப்பு போட்டால் நுரையே வராது, பாத்திரம் காய்ந்தால் திட்டுத்திட்டாகக் கறை. சேலத்தில் போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் இது அன்றாடம் பார்ப்பதுதான். மேக்னசைட் வெட்டியெடுக்கும் ஊர், நிலத்தடி நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து வருவதில் வியப்பில்லை. மீன் தொட்டி வைக்க நினைப்பவர்கள் இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள். தண்ணீரை மாற்றப் போராட வேண்டாம், தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்வது.

அப்படிப் பொருந்தும் மீன் எலக்ட்ரிக் எல்லோ என்ற மஞ்சள் சிக்லிட். கடையில் 'எல்லோ லேப்' என்று கேட்டாலும் தருவார்கள். எலுமிச்சை மஞ்சள் உடம்பு, முதுகுத் துடுப்பின் ஓரத்தில் கறுப்புப் பட்டை. இதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. அந்த ஏரித் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, எட்டை ஒட்டியே இருக்கும். தொட்டியில் நான்கு, ஐந்து அங்குலம் வரை வளரும். சிக்லிட் என்றாலே சண்டைக்கார மீன் என்று பெயர். மலாவி ஏரியின் பாறை மீன்களில் சாதுவானவற்றில் இதுவும் ஒன்று, அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தைரியமாகச் சொல்லலாம். நம் மேட்டூர் ஜிலேபிக் கெண்டையும் இதே சிக்லிட் குடும்பம்தான்.

முதல் வேலை: தண்ணீரைச் சோதிப்பது

தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கரைந்திருப்பது சுண்ணாம்புச் சத்தா, சாப்பாட்டு உப்பா என்று அது பிரித்துச் சொல்லாது. மீன் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்து வகை கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசிய அளவு) கிட், பி.எச். கிட் இரண்டையும் வாங்குங்கள். பி.எச். 7.5 முதல் 8.5, கடினத்தன்மை லிட்டருக்கு 150 முதல் 350 மில்லிகிராம் என்றால் அப்படியே பயன்படுத்தலாம். அதற்கும் மேலே போனால் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். அதில் குளோரின் இருக்கும் என்பதால், ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்ட பிறகே தொட்டிக்குப் போக வேண்டும். போர் தண்ணீரையும் மோட்டார் போட்ட கையோடு ஊற்றாமல், ஒரு டிரம்மில் பிடித்து ஓர் இரவு ஏர் பம்ப் ஓட விடுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம். வீட்டில் சாஃப்ட்னர் மெஷின் இருந்தால், அதற்கு முன்னாலுள்ள குழாயிலிருந்து பிடியுங்கள். அந்த மெஷின் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைச் சேர்த்துவிடும்.

ஏற்காட்டுக்காரர்கள் கட்டாயம் சோதித்த பிறகே மீன் வாங்க வேண்டும். ஊற்றுத் தண்ணீர் மென்மையாக இருந்தால், நைஜீரியா ஆறுகளைச் சேர்ந்த கிரிபென்சிஸ் என்ற சிறிய சிக்லிட் உங்களுக்குப் பொருந்தும். எல்லோ லேப்தான் வேண்டுமென்றால் ஃபில்டருக்குள் பவளத்துண்டு ஒரு பை போட்டுக் கடினத்தன்மையை ஏற்றிக்கொள்ளலாம்.

தொட்டி, கல், மணல்

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். கிட்டத்தட்ட 190 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்ந்து 250 கிலோவைத் தொடும், ஆகவே டீப்பாய் தாங்காது. இரும்பு ஸ்டாண்டு போட்டு, மேலே தெர்மாகோல் ஷீட் விரித்துத் தொட்டியை வையுங்கள். ஜன்னல் வெயில் படக் கூடாது.

கல் அடுக்குவதில் அவசரம் கூடாது. இந்த மீன் வாயால் மணலை அள்ளி அள்ளி வேறிடத்தில் துப்பும். மணல் மேல் கல்லை வைத்தால், அடியில் குழி விழுந்து கல் சரிந்து கண்ணாடியில் மோதும். அதனால் தொட்டியின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் போட்டு, முதலில் கல்லை அடுக்குங்கள், அப்புறம் மணலைக் கொட்டுங்கள். கருங்கல் துண்டுகள் போதும். பளபளவென்று உலோகம் மின்னும் கல்லைத் தவிருங்கள். ஒவ்வொரு கல்லையும் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் எடுத்து மறுபடி வையுங்கள். ஒரு மீன் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி சந்துகள் விட வேண்டும். துரத்தப்படும் மீனுக்கு அந்தச் சந்துதான் உயிர். மணலை, கலங்கல் நீங்கித் தெளியும் வரை அலசியெடுங்கள்.

மீன் இல்லாமல் ஒரு மாதம்

இந்தக் காத்திருப்பைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், முதல் இரண்டு வாரத்தில் மீன் சாவதும் பெரும்பாலும் இதனால்தான். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஃபில்டரில் வளரும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் விஷம், நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. அந்த பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பி.எச். கூடக் கூட அம்மோனியாவின் விஷமும் ஏறும்.

செய்ய வேண்டியது எளிது. ஃபில்டரை இரவு பகலாக ஓட விட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். நண்பர் வீட்டில் நோயில்லாத தொட்டி இருந்தால், அந்த ஃபில்டர் ஸ்பான்ஜில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் போடுங்கள், வேலை சீக்கிரம் முடியும். சோதனைக் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டினால்தான் மீன் வாங்கக் கிளம்பலாம்.

மீனை விடுவது

ஒன்றரை அங்குலக் குஞ்சுகளாக ஆறு வாங்குங்கள். ஆரஞ்சு நிற ரெட் ஜீப்ராவைச் சேர்த்துவிடாதீர்கள், இரண்டும் கலந்து கலப்புக் குஞ்சுகள் பிறக்கும். கோல்டு ஃபிஷ், கப்பி, ஏஞ்சலும் வேண்டாம்.

லைட்டை அணைத்துவிட்டு, பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு அரை மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

ஸ்பைருலினா என்ற பாசி கலந்த சிறு பெல்லட் தீனி, நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. வாரம் ஒரு நாள் பட்டினி போடலாம். வாரம் ஒருமுறை 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். ஸ்பான்ஜைக் குழாயடியில் கழுவாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் பட்டால் நீங்கள் ஒரு மாதம் வளர்த்த பாக்டீரியா போய்விடும்.

வெயிலும் மின்தடையும்

24 முதல் 27 டிகிரி இதற்குச் சுகம். அக்னி நட்சத்திரத்தில் சேலத்து அறைக்குள் தண்ணீர் 32ஐத் தாண்டும். மூடியைத் திறந்து மேலே வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பில் டேபிள் ஃபேன் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், அதனால் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். ஐஸ் கட்டி போடாதீர்கள். ஏற்காட்டில் மார்கழி, தைக்கு 200 வாட் ஹீட்டர் தேவை.

பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளில் பேட்டரி ஏர் பம்ப் போட்டு, அன்றைக்குத் தீனியை நிறுத்துங்கள். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் என்றால் கரண்ட் வந்ததும் உடனே ஓட்டாமல், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

ஒரு மீன் சாப்பிடவில்லையா?

தொண்டைக்குக் கீழே பையாகப் புடைத்து, எதையோ மெல்வதுபோல் வாய் அசைந்துகொண்டே இருந்தால் பயப்படாதீர்கள். பெண் மீன் வாயில் முட்டை வைத்திருக்கிறது. ஜிலேபிக் கெண்டையும் அப்படித்தான் அடைகாக்கும். மூன்று, நான்கு வாரம் தீனி எடுக்காது, வயிறு ஒட்டிப்போகும். கல் சந்தில் ஒதுங்கியிருக்கும், தொந்தரவு செய்யாதீர்கள். மாறாக வயிறு உப்பி, வெள்ளை நூல்போல் கழிவு தொங்கினால் அது நோய். உடனே தனித் தொட்டிக்கு மாற்றித் தண்ணீரைச் சோதியுங்கள்.

வெளியே வரும் குஞ்சுகள் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். பெல்லட்டைப் பொடியாக நசுக்கிப் போட்டால் முதல் நாளே தின்னும். இடம் போதாமல் பெருகினால் மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். வெளியூர் மீனை ஏரியில் விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க வழியில்லை. இரண்டு அங்குலம் ஆனதும் மீன் கடையில் கேட்டுப் பாருங்கள், எல்லோ லேப் குஞ்சை வாங்கிக்கொண்டு தீனியோ ஸ்பான்ஜோ மாற்றித் தரும் கடைகள் உண்டு.