யூஎஸ்எம்மா, யூயூஎம்மா? விண்ணப்பத்தில் சறுக்கும் இடங்கள்

ஆறாம் படிவ எஸ்டிபிஎம் தேர்வு முடிவு வந்துவிட்டால் பட்டர்வொர்த் பக்கம் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான்: பினாங்கு யூஎஸ்எம்மா (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), கெடா யூயூஎம்மா (வட மலேசியப் பல்கலைக்கழகம்)? அக்கா வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையில் மகளின் கைப்பேசியில், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூபியூ பக்கம் திறந்திருந்தது. "யூஎஸ்எம்மே போடும்மா, வீட்டிலிருந்தே போய் வரலாம்" என்றார் அத்தான். அவள் கேட்டதோ பல் மருத்துவம். அது யூஎஸ்எம்மின் பினாங்கு வளாகமான மிண்டனில் இல்லை, கிளந்தான் குபாங் கெரியானில் இருக்கிறது என்று சொன்னேன். கிரிக் வழியாக மலையைத் தாண்டிப் போக வேண்டும். அத்தான் கையிலிருந்த தேநீர் ஆறும்வரை பேசவில்லை.

பெயரைப் பார்த்து ஊரை முடிவு செய்வதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. யூஎஸ்எம்மில் மருத்துவமும் பல் மருத்துவமும் குபாங் கெரியானில், பொறியியல் நிபோங் திபாலில், மருந்தியல் மிண்டனில். வளாகத்தைப் பார்த்த பிறகே மற்றதைப் பேசுங்கள்.

எனக்கு மனம் பொறுக்காத தவறு இன்னொன்று. 'யூஎஸ்எம் பெரிய பெயர், எந்த கோர்ஸ் கிடைத்தாலும் சரி' என்று, கணக்கியலில் உயிரை வைத்திருக்கும் பிள்ளையைப் பிடிக்காத அறிவியல் பாடத்தில் தள்ளுகிறோம். யூயூஎம் 1984இல் நிர்வாகக் கல்விக்கென்றே தொடங்கியது. கணக்கியல், நிதி, வணிகம்தான் அதன் பலம். சட்டமும் அங்கே உண்டு. பொறியியலும் மருத்துவமும் அங்கே இல்லை. பிள்ளைக்கு என்ன படிக்க ஆசை என்று முதலில் கேட்டால் பாதி வீடுகளில் இந்தப் போட்டியே இருக்காது. கணக்கியல் போல இரண்டு இடத்திலும் உள்ள படிப்பென்றால், பாடத்திட்டத்தையும் தொழிற்பயிற்சிக் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

யூபியூவில் வரிசை முக்கியம். உண்மையில் விரும்புவதை மேலே போடுங்கள். போகவே மாட்டோம் என்பதை இடம் நிரப்பச் சேர்க்காதீர்கள். மெரிட்டில், அதாவது சேர்க்கைக்கான மதிப்பெண்ணில், 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகள். அந்தச் சான்றிதழ்களைக் கடைசி நாளில் தேடாதீர்கள். நேர்முகத் தேர்வு உண்டா என்றும் பாருங்கள்.

கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவதும் போதாது. யூயூஎம் இருக்கும் சிந்தோக், அலோர்ஸ்டாரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், தாய்லாந்து எல்லைக்குப் பக்கம். வளாகமே 1,061 ஹெக்டர். விடுதி, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முடிந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

அக்கா மகள் குபாங் கெரியானை முதலிலும் மிண்டன் மருந்தியலை இரண்டாவதாகவும் போட்டாள். மறுவாரம் அத்தானே பட்டர்வொர்த் பஸ் நிலையம் போய், கிளந்தான் தலைநகர் கோத்தா பாருவுக்கு டிக்கெட் விலை விசாரித்துவிட்டு வந்தார்.