48 மணித்தியாலத்தில் சுனாமி என்றொரு மின்னஞ்சல்

கனடாவில் இருக்கும் மச்சாள் அனுப்பிய மின்னஞ்சல் அது. இன்னும் 48 மணித்தியாலத்தில் திருகோணமலையைக் கடல் மூடுமாம், நாசா சொல்லிவிட்டதாம், உடனே எல்லாருக்கும் அனுப்ப வேண்டுமாம். யோசிக்காமல் 18 பேருக்குத் தட்டிவிட்டேன். 2004 மார்கழியைக் கண்ட ஊர், கை முந்திவிடுகிறது.

அரை மணித்தியாலத்தில் உப்புவெளியில் இருந்து பெரியம்மா போன் எடுத்தார். "தம்பி, அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் பையில வைச்சிட்டன். எப்ப வெளிக்கிடுறது?"

அப்போதுதான் எனக்கு வயிறு கலங்கியது. மறுபடி வாசித்தேன். திகதி இல்லை, யார் எழுதியது என்றும் இல்லை. அதைவிட, கணக்கே பிழை. நிலநடுக்கத்தை நாள் குறித்து முன்கூட்டிச் சொல்ல இன்னும் யாராலும் முடியாது. கடலடி அதிர்ந்த பிறகுதான் சுனாமி எச்சரிக்கையே வரும். 2004இல் சுமாத்திராப் பக்கமிருந்து அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ 2 மணித்தியாலம்தான் எடுத்தது. 48 எங்கே, 2 எங்கே!

அதில் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். அதே வரி, அதே எழுத்துப்பிழை, ஊர்ப்பெயர் மட்டும் வேறு. சந்தேகத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் அழைத்தேன். அப்படியொரு எச்சரிக்கையும் இல்லை என்றார்கள்.

கஷ்டமான வேலை அப்புறம்தான். அந்த 18 பேருக்கும் "நான் அனுப்பியது பொய், மன்னியுங்கள்" என்று தனித்தனியாக எழுதினேன். பெரியம்மாவிடம் நேரே போய்ப் பேச்சு வாங்கிக்கொண்டு, பிளேன்ரீயும் குடித்துவிட்டு வந்தேன். பை இன்னும் கதவடியில்தான் இருக்கிறது, அவிழ்க்க மாட்டாராம்.