பழைய ஹார்ட் டிஸ்க்ல இருந்து காப்பி பண்றதுக்கு முன்னாடி வேகத்தைப் பாருங்க

பழைய டிஸ்க்ல இருக்கிற போட்டோ, ஃபைல் எல்லாம் எடுக்கணும்னா முதல்ல அது எந்த இன்டர்ஃபேஸ்னு, அதாவது கம்ப்யூட்டரோட எந்த வகை இணைப்புல சேருதுன்னு பாருங்க. அகலமான ரிப்பன் கேபிள்ல மாட்டுற பழைய இணைப்புதான் ஐடிஇ, அதுல கடைசியா வந்தது அதிகபட்சம் செகண்டுக்கு 133 எம்பி; அதுக்கு அப்புறம் வந்த, சின்ன கேபிள்ல மாட்டுற இணைப்புதான் சாட்டா, அதுல சாட்டா 1 வந்து 150, சாட்டா 2 வந்து 300, சாட்டா 3 வந்து 600. யூஎஸ்பி 2.0-ல 480னு போட்டிருக்கும், அதைப் பார்த்து சாட்டா 2-வை விட வேகம்னு நினைச்சிடாதீங்க, அது மெகாபிட் கணக்கு, 8-ஆல வகுத்தா 60 எம்பிதான், அதுலயும் நிஜமா கைக்கு வர்றது 30லேர்ந்து 40 வரைக்கும்தான்.

அதனால 500 ஜிபி சாட்டா டிஸ்க்க யூஎஸ்பி 2.0 கேஸ்ல (டிஸ்க்க உள்ள வச்சு யூஎஸ்பி-ல மாட்டுற பெட்டி) போட்டு காப்பி பண்ணா கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆகும், அதையே நேரா மதர்போர்டு சாட்டா போர்ட்ல மாட்டினா டிஸ்க் 100 எம்பி குடுக்கிற ரகமா இருந்தா ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிரும், யூஎஸ்பி 3.0 அடாப்டர் இருந்தாலும் அதே வேகம் வரும். குட்டி குட்டி ஃபைலா நிறைய இருந்தா மட்டும் எதுல மாட்டினாலும் இழுக்கத்தான் செய்யும்.

ஐடிஇ-ல இன்னொன்னு, கேபிளைக் கவனிங்க. 40 கம்பி உள்ள பழைய ரிப்பன் கேபிள் போட்டா 33 எம்பிக்கு மேல போகாது, 80 கம்பி கேபிள்தான் வேணும். ரெண்டுக்கும் கனெக்டர் 40 பின்தான், ஆனா 80 கம்பியில கோடுகள் ரொம்ப மெல்லிசா நெருக்கமா இருக்கும்.