ஊட்டில ஹோம்ஸ்டே போடறீங்களா, மலைய கெடுக்காம நடத்துறது இப்படித்தான்

மொதல்ல புக்கிங் வந்த உடனே இ-பாஸ் பத்தி வாட்ஸ்அப்ல சொல்லிடுங்க, ஹைகோர்ட் உத்தரவுல 2024 மே 7ல இருந்து வெளியூர் வண்டிக்கு அது கட்டாயம், பாதி பேரு செக்போஸ்ட்ல வந்து நின்னுதான் போன நோண்டுவாங்க, பின்னாடி ஒரு கிலோமீட்டருக்கு வண்டி நிக்கும். சொந்த கார் வேணாம், பஸ்லயோ மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ரயில்லயோ வாங்கன்னு சொல்லி, வர்றவங்களுக்கு ரேட்ட கொஞ்சம் கொறைச்சு பாருங்க, ஆட்டோ ஒண்ணு ஏற்பாடு பண்ணி குடுத்தா போதும்.

தண்ணிதான் பெரிய தலைவலி. நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு தடை இருக்கு, அதனால நல்ல ஃபில்டர் ஒண்ணு மாட்டி ரூமுக்கு ஒரு ஸ்டீல் ஜக் வச்சிடுங்க. பெட்ஷீட்ட டெய்லி மாத்தாதீங்க, கேட்டா மட்டும் மாத்துங்க. பாத்டப்லாம் தேவையே இல்லங்க, கூரைத் தண்ணிய தொட்டில பிடிச்சா தோட்டத்துக்கு ஆகும்.

மிச்ச சாப்பாட்ட வெளிய கொட்டவே கூடாது, ராத்திரி கரடி வரும், அப்பறம் பழகிடும். குப்பைத்தொட்டி பூட்டுற மாதிரி இருக்கணும். குரங்குக்கு பிஸ்கட் போடாதீங்கன்னு கெஸ்ட் கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க, போர்டு வச்சா ஒருத்தரும் படிக்கிறதில்ல. கேம்ப்ஃபயர், டிஜே கேட்டா முடியாதுன்னுடுங்க.

கேரட், பீன்ஸ், வர்க்கி எல்லாம் பக்கத்துலயே வாங்குங்க. தோடர் எம்ப்ராய்டரி கேக்குறவங்கள செய்றவங்க கிட்டயே நேரா அனுப்புங்க, நடுவுல கமிஷன் அடிக்காதீங்க.